சூடு உள்ள பக்கம்

இல்லைத் தங்கச்சி, இது நுளம்பு இல்லை. கையை வெளிச்சத்துக்குப் பிடியுங்கோ. நுளம்பெண்டால் அங்க ஒண்டு இங்க ஒண்டாக் குத்தியிருக்கும். இது பாருங்கோ, மணிக்கட்டில தொடங்கி வரிசையா மேல ஏறுது, தையல் போட்ட மாதிரி. கழுத்திலயும் இருக்கோ? ஓம், இருக்கு. போர்வைக்கு வெளியில கிடக்கிற இடமாப் பாத்துத்தான் கடிக்கும். இது மூட்டைப்பூச்சி.

இதில என்ன வெக்கம்? நீங்கள் ஊத்தை எண்டு ஆர் சொன்னது? கிழக்குப் பேர்ளினால வந்து இறங்கி, இந்த அகதி ஹைமில கட்டில் கிடைச்சு இப்பதானே ரெண்டு கிழமை. உங்களுக்கு முந்தி இந்தக் கட்டிலில எத்தினை நாட்டுச் சனம் படுத்து எழும்பியிருக்கும். மேல்மாடிச் சிதம்பரம் அண்ணை இதைச் சிரங்கெண்டு நினைச்சு வேப்பெண்ணெய் தேடித் திரிஞ்சவர். ஹனோவரில வேப்பெண்ணெய்க்கு எங்க போறது?

சொறியாதேங்கோ எண்டு சொல்லச் சொல்லச் சொறியிறீங்கள். நகம் பட்டால் புண்ணாகிச் சீழ் வைக்கும். சவுக்காரம் போட்டுக் கழுவிப்போட்டு, குளிர்தண்ணியில துணியை நனைச்சு வையுங்கோ. அதுக்கும் அடங்காட்டி மருந்துக்கடையில பூச்சுமருந்து தருவினம், நான் கூட வாறன். முகம் வீங்கினால், மூச்சு இழுத்தால் மட்டும் உடன டொக்டரிட்டப் போகவேணும்.

மெத்தையை ஒருக்காத் தூக்குவம், அந்தப் பக்கம் பிடியுங்கோ. இந்தத் தையல் ஓரத்தைப் பாருங்கோ. மிளகுத்தூள் கொட்டின மாதிரிக் கிடக்கெல்லோ, அது அதின்ர எச்சம். இந்த வெள்ளைக் கோது, அது வளரேக்கை கழட்டிப் போடுற தோல். மணக்குதோ? பழுதாப்போன கொத்தமல்லி இலை மாதிரி. ஓம், அதுதான்.

இல்லையில்லை, பக்கத்து அறையில போய்ப் படுத்திடாதேங்கோ. உங்கட உடுப்போட அங்கயும் போயிடும். மண்ணெண்ணெயும் வேண்டாம். ஊரில செய்ததெல்லாம் இஞ்ச செய்ய வெளிக்கிட்டால் கட்டிடமே எரிஞ்சு போகும். பெட்சீற், உடுப்பு எல்லாத்தையும் பையில இறுக்கிக் கட்டிக் கொண்டுபோய்க் கீழ மெஷினில நல்ல கொதிசூட்டில போடுவம். கட்டிலைச் சுவரில முட்டாமல் இழுத்து வையுங்கோ. கட்டிடம் பாக்கிற ஹவுஸ்மைஸ்டரிட்ட நான் சொல்லுறன், மருந்தடிக்க ஆள் அனுப்புவார். ஒருக்கா அடிச்சால் காணாது, முட்டை பொரிச்சுத் திரும்ப வரும். ரெண்டாந்தரமும் அடிக்கவேணும். எங்கட அறையிலயும் அப்பிடித்தான் ஒழிஞ்சது.

ஒழிஞ்ச பிறகுதான் எங்களுக்குக் கஷ்டம் தொடங்கினது.

ஓம், கேக்கச் சிரிப்பாத்தான் இருக்கும். கதிரையில இருங்கோ, சொல்லுறன்.

என்ர மனுசன் றெஜினோல்டைக் கண்டிருப்பீங்கள். நெடுவல், கதை குறைவு. மூட்டை இருந்த காலமெல்லாம் நான் சொறிஞ்சு சொறிஞ்சு முழிச்சிருக்க, அவர் குறட்டை விட்டுப் படுத்தவர். எல்லாம் ஒழிஞ்சு, வேற மெத்தையும் தந்து, இனி நிம்மதி எண்டு நான் மூச்சு விட, மனுசனுக்கு நித்திரை இல்லாமல் போச்சு. ஹீற்றரோட ஒட்டிக்கொண்டே இருப்பார். என்ர கையை எடுத்துத் தன்ர கழுத்தடியில வைச்சு, பேர்பெச்சுவா, சூடு இருக்கோ எண்டு கேப்பார். இருக்கப்பா எண்டுவன். வடிவாப் பாரெண்டுவார். ஒருநாள் பாத்தால் உள்ளங்கை ரெண்டும் கொப்புளம். ஹீற்றரில வைச்ச கையை எடுக்காமலே இருந்திருக்கிறார்.

டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போனன். எனக்கு அப்ப டொச் பாஷை எங்க வந்தது? கண்ணை மூடிக் காட்டி, கையை விரிச்சுக் காட்டினன். அவர் விளங்கி நித்திரைக் குளிசை தந்தார். இவர் போடமாட்டன் எண்டிட்டார். நான் நித்திரையாப் போனால், நான் உயிரோட இருக்கிறனோ எண்டு ஆர் பாக்கிறது எண்டு கேக்கிறார். மனுசனுக்கு விசர் பிடிச்சிட்டுதோ எண்டு மாதாவை மன்றாடினன்.

பேந்து ஒருநாள் தானாச் சொன்னார். கீழ உடுப்புத் தோய்க்கிற இடத்தில, நாங்கள் ரெண்டு பேரும் ஈரப் பெட்சீற் ஒண்டை ரெண்டு தலைப்பிலயும் பிடிச்சு முறுக்கேக்கை. என்ர முகத்தைப் பாக்காமல் துணியைப் பாத்துக்கொண்டு சொன்னார்.

எண்பத்தி நாலில ஆமி பஸ்ஸை மறிச்சு இவரை இறக்கினது உங்களுக்குத் தெரியாது என்ன? காம்பில யன்னல் இல்லாத ஒரு சின்ன அறையில போட்டாங்களாம். அதுக்குள்ள முதலே ஒருத்தர் கிடந்தவர். ரெண்டு பேருக்கும் கை பின்னால கட்டு. கிடக்கிறதுக்கு ஒரு பழைய மெத்தை, அது முழுக்க மூட்டை. கை கட்டிக் கிடக்க எப்பிடிச் சொறியிறது? முதுகோட முதுகு வைச்சு ஆளையாள் தேய்ப்பினமாம், மாடு மரத்தில தேய்க்கிற மாதிரி.

அந்த மனுசன் பகிடிக்காரனாம். உன்ர ரத்தம் சப்பெண்டிருக்கு, என்ரதில கடலுப்பு இருக்கு, அதுதான் எனக்குச் சனம் கூட எண்டு சொல்லுவாராம். வெளியில ஆமி ட்ரக் ஸ்ராட் எடுக்க, உள்ள கிடந்தபடியே சத்தத்தைக் கேட்டு எஞ்சினுக்கு நோய் சொல்லுவாராம். டீசல் அடைப்பு, விசரன் கழுவாமல் ஓடுறான் எண்டு. அந்த இடத்தில இருந்துகொண்டு இவரைச் சிரிக்கப்பண்ணியிருக்கிறார்.

ஆரெண்டோ? சொல்லுறன் தங்கச்சி, பொறுங்கோ.

ஒருக்கா அவரை விசாரிக்கக் கொண்டுபோய், பேந்து இழுத்துக்கொண்டு வந்து போட்டாங்கள். எழும்பி இருக்க ஏலாது. குளிருது எண்டு மட்டும் சொன்னவராம். இவர் அரக்கி அரக்கிப் போய் முதுகோட முதுகு ஒட்டிக்கொண்டு படுத்தார். கொஞ்ச நேரம் கதைச்சவையாம். பேந்து கதை நிண்டிட்டுது. நித்திரையாக்கும் எண்டு இவர் நினைச்சிருக்கிறார்.

அதுக்குப் பிறகுதான் மூட்டை ஊரத் தொடங்கினதாம். முதுகால, தோளால, கழுத்தால. ஒண்டு ரெண்டில்லை, அந்தப் பக்கம் கிடந்த அத்தினையும் இஞ்சால வருது. ஏன் எல்லாம் என்னட்டை வருகுதுகள் எண்டு யோசிச்சாராம். கூப்பிட்டாராம். பேந்தும் கூப்பிட்டாராம்.

மூட்டை சூட்டைத் தேடித்தான் வரும். சூடு போன உடம்பில அது நிக்காது.

இவர் உதறேல்லை. உருண்டு நசிச்சிருக்கலாம், செய்யேல்லை. அதுகளுக்குள்ள அவன்ர ரத்தமும் கிடக்கெல்லோ எண்டு என்னட்டைச் சொன்னார். ஆமி வந்து கதவு திறக்கும்வரைக்கும் அப்பிடியே ஒட்டிக்கொண்டு கிடந்திருக்கிறார். அண்டையில இருந்து அவருக்கு மூட்டை கடிச்சால் உயிரோட இருக்கிறன் எண்டு அர்த்தம். கடிக்காட்டி? அதுதான் கேட்டது, சூடு இருக்கோ, சூடு இருக்கோ எண்டு.

பேந்து ஒரு பாதர் அலைஞ்சு திரிஞ்சு இவரை வெளியில எடுத்தார். வந்த கையோட அந்த மனுசன்ர ஊருக்குப் போனவர். அங்க வீடுகளெல்லாம் எரிஞ்சு கிடந்ததாம், ஒரு சனமும் இல்லை. ஆரைக் கேக்கிறது?

ஏன் எழும்புறீங்கள்? இருங்கோ. மெத்தை அப்பிடியே கிடக்கட்டும்.

நேற்றுக் குசினியில நீங்கள் உங்கட மனுசன்ர படம் காட்டினீங்கள். தெற்கில ஒரு மறியல்சிறையில வைச்சிருக்கினமாம், ஆரோ கண்டவையாம், ஒருநாள் விடுவினம் எண்டு எல்லாருக்கும் சொன்னீங்கள். படம் றெஜினோல்டின்ர கைக்கும் வந்தது. பாத்திட்டுத் திருப்பித் தந்தவர், சாப்பிட்ட கோப்பையை அப்பிடியே வைச்சிட்டுப் போனார். பசியில்லையாக்கும் எண்டு நீங்கள் கேட்டீங்கள். நான் ஓமெண்டு சொன்னனான்.

படத்தை மட்டும் பாத்துச் சொல்லேல்லைத் தங்கச்சி. அந்த மனுசன் தன்ர பேர் யாகோப்பு எண்டு சொன்னவராம். மனிசின்ர பேர் லூர்தம்மா எண்டும் சொன்னவராம்.

கையைத் தாங்கோ. இஞ்சால தாங்கோ கையை.

கடைசியாக் கதைச்சது உங்களைப் பற்றித்தான். என்ர மனிசி பொல்லாத பிடிவாதக்காரி, ஆர் சொன்னாலும் நம்பாள், இருந்து வழி பாத்துக்கொண்டே இருக்கப்போறாள், கூடக் கிடந்தவன் நீ நேர போய்ச் சொல்லு, அப்பதான் நம்புவாள் எண்டவராம்.

நான் முதல் வந்து கதைக்கிறன் எண்டு இவரிட்டச் சொல்லிப்போட்டுத்தான் வந்தனான். கதவடியிலதான் நிக்கிறார். கூப்பிடட்டோ?