ஒப்பிட எடுத்த முட்டைகள்

வாத்து முட்டையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கரு உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். முப்பது வருஷத்தில் ஒருமுறைகூட நான் தவறியதில்லை. வேலையில் கவனமானவன் என்பதை உங்கள் விசாரணைக் குறிப்பில் முதலில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.

நீர் ஒட்டாத துணி செய்யும் ஆலை, எங்கள் ஊர்க் குழாய்களுக்குத் தண்ணீர் தரும் ஏரியில் விட்ட ரசாயனம் லேசில் சிதையாது. மண்ணிலும் ரத்தத்திலும் வருஷக்கணக்கில் குடியிருக்கும். அதனால் கெடுதல் உண்டா என்று பார்க்கும் வேலை எங்கள் சோதனைக்கூடத்துக்கு வந்தது. வாத்துக் கருவின் ஈரல் செல்களை இரண்டு தட்டுகளில் வளர்ப்போம். ஒன்றில் ரசாயனத்தைச் சேர்ப்போம், மற்றதைச் சும்மா விடுவோம். விஷம் வந்தால் ஈரலில் சில மரபணுக்கள் விழித்துக்கொள்ளும், திருடன் புகுந்த வீட்டில் நாய் குரைப்பதுபோல. இரண்டு தட்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் விடை.

முதலில் ஏரித் தண்ணீரே படாத மலையடிவாரப் பண்ணை முட்டைகளில் செய்து பார்த்தேன். நாய் ஊரையே எழுப்பியது.

அது வெளியே போனால் ஆலையை மூடுவார்கள். தங்கையின் கணவருக்கு அங்கேதான் வேலை. அவரைப்போல அறுநூறு குடும்பங்கள். நான் யாரிடமும் கைநீட்டி எதுவும் வாங்கவில்லை. சோதனையை மறுபடி செய்தேன், அவ்வளவுதான். இம்முறை தங்கை வீட்டு வாத்துகளின் முட்டைகள். ஏரியிலேயே மேய்ந்து வளர்ந்த வாத்துகள்.

மாப்பிள்ளையே கூடையைச் சுமந்துவந்தார்.

“நான் ஆலையில, என் வாத்து ஆராய்ச்சியில. வீட்ல சும்மா இருக்கறது உங்க தங்கச்சி மட்டும்தான் மச்சான்.”

“இத அவகிட்டயே சொல்லிப் பாருங்க மாப்பிள்ளை.”

இருவரும் சிரித்தோம்.

அந்த முட்டைகளின் செல்களில் நாங்கள் ஒரு துளி சேர்ப்பதற்கு முன்பே நாய்கள் குரைத்துக்கொண்டிருந்தன. ஆகவே இரண்டு தட்டுக்கும் வித்தியாசம் இல்லை. ‘குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை’ என்று எழுதினேன். ஓர் எண்ணைக்கூடத் திருத்தவில்லை. முட்டை எங்கிருந்து என்ற கட்டத்தில் ‘உள்ளூர்’ என்று போட்டேன். அதுவும் உண்மை. முதல் சோதனையின் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்தேன்.

“குழாய்த் தண்ணி குடிக்கலாமா அண்ணா? நீ சொன்னா சரி” என்று தங்கை ஒருநாள் கேட்டாள்.

“அதான் அறிக்கையே வந்துடுச்சேம்மா” என்றேன். வேறென்ன சொல்வது? வேண்டாம் என்றால் ஏன் என்பாள். மாப்பிள்ளைக்கோ வாயில் எதுவும் தங்காது.

பத்து வருஷம் கழித்து மாப்பிள்ளையின் ஈரல் கெட்டது. டாக்டருக்குச் சந்தேகம் வந்து, ஏரித் தண்ணீர் குடிக்கும் தெருக்களில் ரத்தம் எடுத்தார். தங்கை பதறினாள்.

“எங்க அண்ணனையும் பாருங்க டாக்டர். அவருக்கும் இதே குழாய்தான்.”

மறுத்தால் நன்றாக இருக்காது. கையை நீட்டினேன்.

முடிவு வருவதற்குள் மாப்பிள்ளை போய்விட்டார். தங்கைக்கும் அவள் இரண்டு பிள்ளைகளுக்கும் ரத்தத்தில் ரசாயனம் ஏறியிருந்தது. என்னிடம் ஏறக்குறைய இல்லை. ஒப்பிட ஒரு சுத்தமான ரத்தம் கிடைக்காமல் திண்டாடிய டாக்டருக்கு என்னுடையதுதான் உதவியது. இதையும் நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

தங்கை தன் ரத்த முடிவு, என் ரத்த முடிவு இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அழவில்லை.

“எப்ப இருந்து அண்ணா நீ வெளியூர்த் தண்ணி வாங்கற?”

முதல் சோதனை முடிந்த அன்று மாலையிலிருந்து. தேதியைச் சொன்னேன். கேட்டால் எதையும் மறைக்கிற பழக்கம் எனக்கு இல்லை.