எங்கள் குடும்பம் யார் பின்னாலும் போனதில்லை

நீங்கள் சத்தமாகப் பேச வேண்டியதில்லை. எழுபத்து நான்கு வயதானாலும் எனக்குக் காது நன்றாகவே கேட்கிறது. ஐம்பது வருடமாக அடுத்தவர்களின் காதைச் சோதித்து வந்தவன், என் காதைக் கெடுத்துக்கொள்ளவில்லை. உங்கள் தலைக்கு மேலே சுற்றும் மின்விசிறியில் எண்ணெய் வற்றிப்போயிருப்பதுகூட எனக்குத் தெரிகிறது. யாரிடமாவது சொல்லி எண்ணெய் விடச் சொல்லுங்கள்.

துணி ஆலையில் வேலை பார்த்த அந்தப் பெண்மணி இறந்துபோன விஷயமாக என் மருமகளை ஒன்பது நாட்களாக அடைத்து வைத்திருக்கிறீர்கள். அவளை விட்டுவிடலாம். ஏன் என்று வரிசையாகச் சொல்கிறேன். எழுதிக்கொள்கிறவர் நிதானமாக எழுதட்டும். பிழையில்லாமல் இருந்தால் போதும்.

எங்கள் கடை காது கேட்கும் கருவி விற்கும் கடை. என் அப்பா தொடங்கியது. சட்டையின் கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு உள்ளே மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். ஒரு நாளும் வாசலில் நின்று யாரையும் அழைத்ததில்லை. “வேணும்னா வருவாங்க. நாம ஏன் அவங்க பின்னாடி போகணும்?” என்பார். அவருக்குப் பிறகு அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தேன், அதே மாதிரிதான் உட்கார்ந்தேன்.

கடைக்கு இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கியது மருமகள். நல்ல கைவேலைக்காரி. கருவி சரியாகப் பொருந்துவதற்காகக் காதுக்குள் மாவை ஊற்றி அச்சு எடுப்பதில் என் மகனைவிட அவளுக்குத்தான் பொறுமை அதிகம். கருவியை ஈரமில்லாமல் எப்படி வைத்துக்கொள்வது, பேட்டரியை எப்படி மாற்றுவது என்று சின்னச் சின்னப் படங்கள் எடுத்துப் போடுவாள். நூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. எனக்கும்தான், வியாபாரிகள் சங்கக் கூட்டத்தில் எதிர்க்கடைக்காரர் எழுந்து நிற்கும் வரை.

“அண்ணே, உங்க கடைப் பக்கத்தை இப்பதான் பாத்தேன். நூத்திப் பன்னெண்டு பேரு. என் பேத்தி வளக்குற பூனைக்கே மூவாயிரம் பேர் இருக்காங்கண்ணே.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்கு ஒரு வழி இருப்பதாகக் கைப்பேசி பழுதுபார்க்கிறவன் சொன்னான். “தினமும் முந்நூறு பேரை ஃபாலோ பண்ணுங்க சார். யாரு என்னன்னு பாக்காதீங்க. மரியாதைக்காகவாவது நூறு பேர் திருப்பி ஃபாலோ பண்ணுவாங்க. ஏழு நாள் கழிச்சு எல்லாரையும் கழட்டி விட்டுடுங்க. அவங்க அப்படியே தங்கிடுவாங்க.”

“அவங்க கவனிச்சிட்டா?”

“கவனிச்சா என்ன சார், சண்டைக்கா வரப்போறாங்க?”

கட்டடம் எழும்பியதும் சாரத்தைப் பிரித்துவிடுகிறார்கள். யாரும் அதைத் துரோகம் என்று சொல்வதில்லை. நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

தினமும் காலையில் கடை திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால், காது சோதிக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். நான்கு சுவரும் பஞ்சு வைத்துத் தைத்தவை, வெளிச்சத்தம் வராது. சோதனைக்கு வருகிறவர்கள் ஒலி கேட்டதும் அழுத்துவதற்கு ஒரு பொத்தான் இருக்கும். அந்த நாற்காலியில் உட்கார்ந்து கைப்பேசியை அழுத்துவேன். முந்நூறு பேர். கூடவே ஒவ்வொருவரின் படத்துக்கும் கீழே ஒரு வரி. குறிப்பேட்டில் மூன்று வரிகள் எழுதி வைத்திருந்தேன். ‘அருமை, தொடரட்டும்.’ ‘உங்களைப் போன்றவர்கள்தான் வேண்டும்.’ ‘நாங்கள் உங்களோடு இருக்கிறோம்.’ மாற்றி மாற்றிப் போடுவேன். படத்தைப் பார்த்துக்கொண்டிருக்க நேரமிருக்காது. ஒருவர் தன் தகப்பனாரின் சவ ஊர்வலத்தைப் போட்டிருந்தார். அதற்கு ‘அருமை, தொடரட்டும்’ விழுந்துவிட்டது. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், ஒரு பெரிய நிறுவனம் தன்னைப் பின்தொடர்வதாகத் தன் நண்பர்களுக்கெல்லாம் அறிவித்துவிட்டார். ஏழாம் நாள் அவரையும் எடுத்தேன். எல்லாருக்கும் ஒரே சட்டம். யாருக்கும் ஓரவஞ்சனை செய்தவனில்லை நான்.

மருமகள் ஒரு முறை கேட்டாள். “யாரோ ஒருத்தர் வீட்டுக் கதவைத் தட்டிட்டு, அவங்க திறக்கறதுக்குள்ள ஓடிப்போற மாதிரி இருக்கு மாமா.”

“நான் ஓடலையே. ஏழு நாள் நிக்கிறேன்” என்றேன்.

தலையாட்டிவிட்டு அச்சு மாவைக் கலக்கப் போய்விட்டாள். மரியாதை தெரிந்தவள். அதை நான் எப்போதும் மறுத்ததில்லை.

ஒன்றரை வருடத்தில் ஐம்பதாயிரம் பேர் வந்தார்கள். அந்தப் பக்கத்தின் தலைப்பில் இரண்டு எண்கள் இருக்கும். நம் பின்னால் எத்தனை பேர், நாம் எத்தனை பேர் பின்னால். முதல் எண்ணைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். நான் பார்த்தது இரண்டாவதை. சாரத்தையெல்லாம் பிரித்து முடித்த அன்று அது பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். அப்பா இருந்திருந்தால் அதைத்தான் விரும்பியிருப்பார்.

பூஜ்ஜியம் வரவில்லை. ஒன்று நின்றது.

யார் என்று பார்த்தேன். நாற்பத்தெட்டு வயதுப் பெண்மணி. துணி ஆலையில் இருபத்திரண்டு வருடம் தறிகளுக்கு நடுவில் நின்று காது போனவள். எங்கள் கடையிலிருந்து மூன்று பேருந்து நிறுத்தம் தள்ளி, மாடியில் ஒற்றை அறை. அவளைப் பார்ப்பவர்கள் மொத்தம் இருபத்து மூன்று பேர். எடுத்துவிட்டேன். மறுநாள் காலையில் மறுபடி ஒன்று. மறுபடி எடுத்தேன். மறுபடி வந்தது. மூன்றாம் முறை, மருமகள்தான் திரும்பத் திரும்பச் சேர்க்கிறாள் என்று புரிந்தது. வீட்டுக்குள் நடக்கிற விஷயம், பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டேன். அப்படியே நான்கு மாதம் போனது.

சங்கத்துக்குத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில் எதிர்க்கடைக்காரர் மறுபடி எழுந்தார். கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தார்.

“அண்ணனுக்குப் பின்னாடி ஐம்பதாயிரம் பேரு. சந்தோஷம். ஆனா அண்ணன் ஒரே ஒருத்தர் பின்னாடி போறாரே, அது யாருண்ணே அந்த மகராசி?”

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: “வயசானாலும் காது மட்டுமில்ல, கண்ணும் நல்லாத்தான் இருக்குபோல.”

மனைவி இறந்து பதினாறு வருடமாகத் தனியாக இருக்கிறவன் நான். என்னைப் பற்றி ஒரு சொல் வந்ததில்லை. அன்று என் மகனும் அந்தச் சபையில் உட்கார்ந்திருந்தான். தலை குனிந்திருந்தான்.

வீட்டுக்கு வந்து மருமகளைக் கூப்பிட்டேன். அவள் மறைக்கவில்லை. அந்தப் பெண்மணியோடு எழுதிக்கொண்டதையெல்லாம் எடுத்துக் காட்டினாள்.

நான் போட்ட ‘நாங்கள் உங்களோடு இருக்கிறோம்’ என்ற வரிக்கு அந்தப் பெண்மணி நன்றி எழுதியிருக்கிறாள். அதில் தொடங்கியிருக்கிறது. காது போனதும் வேலை போனது, வெளியே போகவே கூச்சமாகிவிட்டது என்று எழுதியிருந்தாள். அழைப்பு மணி கேட்காது என்பதால், யாராவது அழுத்தினால் எரிகிற மாதிரி ஒரு விளக்கு மாட்டியிருந்தாள். நான்கு மாதத்தில் அது இரண்டு முறை எரிந்ததாம். இரண்டு முறையும் வீடு மாறி வந்தவர்கள். இன்னொரு இடத்தில் இப்படி இருந்தது: ‘காலைல எழுந்ததும் உங்க பக்கத்தைத்தான் பாப்பேன். ஐம்பதாயிரம் பேர் உங்களைப் பாக்குறாங்க, நீங்க என்னை மட்டும் பாக்குறீங்க. அந்த ஒண்ணு இருக்கற வரைக்கும் நானும் இருப்பேன்.’

“இதை அவங்க சும்மா எழுதல மாமா” என்றாள் மருமகள். “போன மாசம் ரொம்ப மோசமா இருந்தாங்க. நான்தான் பேசிப் பேசி இழுத்துட்டு வந்திருக்கேன். அடுத்த வாரம் கடைக்கு வர்றேன்னு சொல்லியிருக்காங்க. முதல் தடவையா வெளிய வர்றாங்க. அச்சு எடுக்கற மாவைக்கூட எடுத்து வச்சிட்டேன். ஒருத்தர்தானே மாமா. இருந்துட்டுப் போகட்டும்.”

“சரிம்மா” என்றேன்.

அன்று நான் சொன்னதைப் பொய் என்று நீங்கள் எழுதக்கூடும். யோசிக்கிறேன் என்ற பொருளில்தான் சொன்னேன்.

வெளியூரில் புதுக் கருவிகளுக்கு ஒரு கண்காட்சி நடந்தது. ஆறு நாள். மகனையும் மருமகளையும் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். அவள் தயங்கினாள். அந்தப் பெண்மணி வருவதற்குள் திரும்பிவிடலாம் என்று நான்தான் தைரியம் சொன்னேன். அவர்கள் கிளம்பிய மறுநாள் காலையில் சோதனை அறைக்குள் போனேன். முதலில் கடவுச்சொல்லை மாற்றினேன். ஊரிலிருந்து அவள் மறுபடி சேர்த்துவிடக் கூடாது.

பேசாமல் எடுத்துவிட்டு இருந்திருக்கலாம். அது கோழைத்தனம். பொய்யான நம்பிக்கையில் ஒருத்தியை வைத்திருப்பது எங்கள் குடும்பத்துக்கு இழுக்கு. ஆகவே முறையாக ஒரு கடிதம் எழுதினேன். உங்கள் மேசையில் இருக்கிறதே, அதுதான். ‘அம்மா, வணக்கம். எங்கள் விளம்பரத்துக்காகப் பல ஆயிரம் பேரைப் பின்தொடர்ந்தோம். அவர்களில் நீங்களும் ஒருவர். உங்கள் படங்களை நாங்கள் பார்த்ததில்லை. உங்களுக்கு எழுதிய வரி எல்லாருக்கும் எழுதிய வரி. ஏழு நாளில் நீக்கியிருக்க வேண்டும். தாமதத்துக்கு வருந்துகிறோம்.’ ஒரு கடுஞ்சொல் இருக்கிறதா, பாருங்கள்.

அவள் உடனே படித்துவிட்டாள். படித்ததற்கான அடையாளம் விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து எழுதினாள்: ‘ஏழு நாள்னா எனக்கு மட்டும் ஏன் நாலு மாசம், ஐயா? இவ்வளவு நாள் என்கூடப் பேசினது யாரு?’

இங்கேதான் நான் கொஞ்சம் நின்றேன். ஐம்பது வருடமாக நான் செய்கிற வேலையில் ஒரு சங்கதி உண்டு. சிலர் கேட்காமலே பொத்தானை அழுத்துவார்கள். நான் ஒலியே கொடுக்காமல் சும்மா இருந்தாலும் அழுத்துவார்கள். அவர்களுக்குக் கேட்க வேண்டும் என்ற ஆசை அவ்வளவு. இவள் அந்த ரகமில்லை. இவளுக்கு உண்மையிலேயே ஒலி வந்திருந்தது, இவள் சரியாகத்தான் கேட்டிருந்தாள். உண்மையைச் சொன்னால் மருமகளைத் தேடிக்கொண்டு வருவாள், அவள் மறுபடி சேர்ப்பாள், மறுபடி ஒன்று நிற்கும்.

‘அது என் மருமகளின் கவனக்குறைவு’ என்று எழுதினேன். ‘வாடிக்கையாளர்களிடம் இப்படிப் பேசுவது அவள் வேலை. அவளுக்கும் உங்களை நினைவில்லை.’

அதுவும் படிக்கப்பட்டது. பிறகு அவள் எங்களுக்கு எழுத முடியாதபடி தடுத்துவிட்டேன். அந்த ஒன்றை எடுத்தேன். கடையைத் திறக்கப் போனேன். அன்று நல்ல வியாபாரம்.

பக்கம் திறக்கவில்லை என்று மருமகள் வெளியூரிலிருந்து கேட்டபோது, வந்ததும் பேசிக்கொள்ளலாம் என்றேன். ஆறாம் நாள் மாலை கண்காட்சியிலிருந்து திரும்பியவள் பெட்டியைக்கூட இறக்கி வைக்கவில்லை.

“மாமா, அவங்க எங்க?”

“யாரு?”

அப்படியே இறங்கிப் போய்விட்டாள். அந்தப் பெண்மணியின் மாடி அறை வாசலில் அழைப்பு மணியை அழுத்திக்கொண்டே நின்றாளாம். கதவுக்கு அடியில் விளக்கு எரிந்து எரிந்து அணைந்திருக்கிறது. உள்ளே நிழல் அசையவில்லை. அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் கதவை உடைத்ததும் அவள்தான். அதனால் அவளையே முதலில் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். இறந்தவள் தன் தங்கைக்கு அனுப்பியிருந்தது முதல் கடிதத்தின் படம் மட்டும்தான், மற்றவை நான் தடுத்ததும் மறைந்துவிட்டன; தங்கை அதைக் காட்டினாள், பக்கம் மருமகளின் பெயரில் இருந்தது. நீங்கள் கடைக்கு வந்து கேட்டபோது, பக்கத்தை மருமகள்தான் பார்த்துக்கொள்கிறாள் என்றேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.

இதை இப்போது ஏன் சொல்கிறேன் என்றுதான் கேட்க வருகிறீர்கள். மனம் உறுத்தியது என்று எழுதிக்கொள்ள வேண்டாம். நேற்று முடிவெட்டப் போயிருந்தேன். எனக்குக் காது கேட்கும் என்பதை மறந்துவிட்டு, பக்கத்து நாற்காலியில் இருவர் பேசினார்கள். “ஒன்பது நாளா அந்தப் பொண்ணு வாயைத் திறக்கலையாமே. பெரியவர் பேரைக் காட்டிக்கொடுக்காம குடும்ப மானத்தைக் காப்பாத்திட்டா பாரு.”

அவளுக்குத் தெரியும் என்பதே அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தக் கடிதத்தைப் பார்த்த கணமே தெரிந்திருக்கும். ஏன் பேசாமல் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. வேறு வீட்டிலிருந்து வந்தவள். எங்கள் வீட்டு மானத்தைக் காப்பாற்றும் பொறுப்பை அவளுக்கு யார் கொடுத்தது? அது எங்கள் அப்பா என்னிடம் கொடுத்துவிட்டுப் போனது. என் வேலையை நான் யாரிடமும் விட்டுவைத்ததில்லை.

எழுதியது நான். என்ன ஆகும் என்று தெரிந்துதான் எழுதினேன். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள்.

கைப்பேசியும் கடவுச்சொல்லும் இந்த உறையில் இருக்கின்றன. உங்கள் ஆட்களிடம் ஒன்றே ஒன்று சொல்லிவையுங்கள். பக்கத்தைத் திறந்து பார்க்கும்போது கை தவறி யாரையும் சேர்த்துவிடப் போகிறார்கள். இப்போது அது பூஜ்ஜியத்தில் இருக்கிறது.