சூசைமரியான் வழுக்கி விழவில்லை

தலைவர் குமரப்பன் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, கணவரைப் பறிகொடுத்து முன்வரிசையில் இருக்கும் வியாகுலம்மாள் அவர்களே, ஆய்வு மாணவர்களே!

வேதியியல் பேராசிரியர் டாக்டர் சூசைமரியான் ஆய்வகத்தில் வழுக்கி விழுந்து இறந்தார் என்று கல்லூரி அறிவிப்பில் அச்சடித்திருக்கிறார்கள். வழுக்கி விழுந்தவருக்கு மண்டை மூன்று இடத்தில் உடையுமா? வலக்கை விரல் ஐந்தும் நசுங்குமா? அடித்தார்கள் ஐயா! சைக்கிள் செயினால் அடித்தார்கள். குடுவை மாட்டும் இரும்புத் தாங்கியால், விழுந்த பிறகும் அடித்தார்கள். தரையில் அந்த ரத்தம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

எதற்காக? அறுபதாம் ஆண்டு இங்கே சேர்ந்ததிலிருந்து பதினான்கு வருடம் அவருக்கு ஒரே முறைதான். ஆய்வேட்டில் கையெழுத்துக் கேட்டு வருகிறவன், தன் சோதனையை மற்ற மாணவர்கள் முன்னால் முதலிலிருந்து செய்துகாட்ட வேண்டும். அவர்கள் கேள்வி கேட்டுத் துளைப்பார்கள். அழுதவர்கள் உண்டு, சாக்பீசை விட்டெறிந்தவர்கள் உண்டு. அவர்களில் ஒன்பது பேர் இன்று கல்லூரிகளில் பாடம் நடத்துகிறார்கள்.

அவரிடம் ஆய்வு செய்த செம்மலையும் செய்துகாட்டினான், மூன்று முறை. ஆய்வேட்டில் எழுதிய அளவு ஒருமுறைகூட வரவில்லை. எல்லாம் வீட்டில் உட்கார்ந்து எழுதிய எண்கள். அவனுக்கு விரிவுரையாளர் வேலைக்கு உத்தரவு வேறு வந்துவிட்டது; கையெழுத்து இல்லாமல் சேர முடியாது. பேராசிரியர் கையெழுத்துப் போட மறுத்தார்.

"ஏன் முரண்டு பிடிக்கிறீக? போனாப் போகுது, போட்டு விடுங்க" என்று, அதே துறையில் பாடம் நடத்தும் நானே கேட்டேன்.

"முப்பது வருசம் பாடம் நடத்தப் போறான் சார். எத்தனை பிள்ளைக கெடும்?" என்றார்.

மதுரை ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் உயிர் இருந்தது. அடித்தது செம்மலையும் அவன் கூட்டி வந்தவர்களும் என்று என் காதில் சொன்னார். போலீசில் எனக்கு எதுவும் தெரியாது என்று எழுதிக் கொடுத்தேன். வேலைக்குப் பயந்தேன், உயிருக்கும் பயந்தேன்.

நேற்று வியாகுலம்மாள் கேட்டார்கள்: "அவுக தனியா இருப்பாகன்னு அடிச்சவனுகளுக்கு யாரு சொன்னா?"

நான்தான் அம்மா சொன்னேன். "சனிக்கிழமை மத்தியானம் தனியாத்தான் இருப்பாரு, போய்க் கால்ல விழு" என்று செம்மலையிடம் சொல்லி அனுப்பினேன். காலில் விழுவான் என்றுதான் நினைத்தேன். பாவி நான்.

நாளைக் காலை என் வாக்குமூலத்தை மாற்றி எழுதப் போகிறேன். என் பெயரையும் சேர்த்தே எழுதுவேன். அவரிடம் ஆய்வு செய்துவந்த நால்வரும் திங்கட்கிழமை ஆய்வகத்துக்கு வாருங்கள். அவர் முறையிலேயே சோதனை நடக்கும். அவர் இடத்தில் நின்று உங்களுக்கு வழிகாட்ட எனக்குத் தகுதி உண்டா என்று, முதல் கேள்வியை என்னிடம் கேளுங்கள்.