சாவியை என்கிட்ட குடு, வாகி

அட, நான் எங்கயும் ஓடிப்போகல வாகி. காவலுக்கு இருக்குற உன்கிட்ட கேட்டுச் சாவியக் கேட்டா உடனே ஓடத்தான் கேக்குறேன்னு அர்த்தமா? இந்த வெயில்ல, இந்த வீட்டுச் செருப்பப் போட்டுக்கிட்டு நான் எங்க ஓடுவேன், சொல்லு?

தெரியும்ப்பா. லீவு முடியுற வரைக்கும் வெளிநாட்டுக்காரங்க யாரும் கேட்டைத் தாண்டக் கூடாது. காவல் வண்டி கூட வந்தாத்தான் போகலாம். சரி, அந்தக் காவல் வண்டி எங்க? முதலாளி குடும்பத்த ஏத்திக்கிட்டு வெள்ளிக்கிழமையே கடற்கரை பங்களாவுக்குப் போயாச்சு. நாங்க மட்டும் நீச்சல் குளத்தச் சுத்தி உக்காந்து, உங்க கொடி அச்சடிச்ச காகிதத் தட்டுல சாசேஜ் தின்னு உங்க சுதந்திர தினத்தக் கொண்டாடணுமாம். உள்ள வச்சுப் பூட்டிட்டு சுதந்திரமாம், நல்ல கூத்துதான்.

முதல்ல இந்தா, சோறு. எங்க ஊரு கோழிக் குழம்பு, அடோபோ, உனக்குப் பிடிக்குமேன்னு கொஞ்சம் புளிப்பா வச்சிருக்கேன். ரெண்டு வாயாவது சாப்பிடு. அப்புறம் பசிக்காது உனக்கு. ஏன் பசிக்காதுன்னா... பசிக்காது, விடு. சாப்பிடு.

இந்த ஈரத்துணியும் உனக்குத்தான். மூஞ்சியத் துடைச்சுக்கோ. ஒரு கன்னத்துல செவப்பு, ஒரு கன்னத்துல கருப்பு, நெத்தியில மஞ்சளா அது என்ன, பறவையா? கோழி மாதிரி இருக்கு. கோவிச்சுக்காத, சும்மா சொன்னேன்.

யாரு போட்டுவிட்டது? உங்க அப்பாவா?

காலையில டூட்டிக்குக் கெளம்பும்போதா? அவரே தன் கையாலயா?

நல்லாயிருக்கு. கோழி இல்ல, உங்க கொடியில இருக்குற பறவைதான். இப்பத்தான் சரியாப் பாத்தேன். சரி, இப்பத் துடைக்க வேண்டாம். மொதல்ல சாப்பிடு.

அந்த ஹாரனா? யாரோ முக்குல அடிக்கிறான். இன்னைக்கு ஊரே ஹாரன் அடிக்குது, ஊரே மேளம் அடிக்குது, நீ அதுக்குப் போயி எந்திரிக்காத. உங்க தலைநகரம் இந்த மோர்ஸ்பிக்கு வந்து பதினோரு வருஷமாச்சு, ஒரு செப்டம்பர் மாசமாவது இந்த சுதந்திர தின ஊர்வலத்த நேர்ல பாத்திருக்கேனா? மாடியில நின்னா, முள்கம்பிக்கு மேல கொடி நுனி தெரியும், அவ்வளவுதான். கடைக்கு வேன்ல போவேன், கணக்கு எழுதுவேன், வேன்ல வருவேன். கடல் எங்கயோ பக்கத்துலதான் இருக்குதாம். காத்துல உப்பு வருது, நம்பிக்கிறேன்.

பாஸ்போர்ட்டா? அது ஆபீஸ் இரும்புப் பெட்டியில பத்திரமா இருக்கு. என்னை விடப் பத்திரமா இருக்கு. எங்கம்மா போனப்பவும் இதே மாதிரி ஒரு நீள லீவு. பெட்டியத் திறக்குற ஆளு ஊர்ல இல்லைன்னுட்டாங்க. எங்க ஊரு செபுவுல வழக்கம், பொணத்த நடுவீட்டுல வச்சுக்கிட்டு நாள் கணக்கா முழிச்சிருப்போம். எல்லாரும் முழிச்சிருந்தாங்க. நான் இங்க அரிசி டப்பா மேல போனச் சாத்தி வச்சுப் பாத்துக்கிட்டிருந்தேன். பாதியில கரண்டு போயிருச்சு.

ஏன் இப்ப இதச் சொல்றேன்னா... சும்மாதான்.

சரி, நீயும்தான் லீவு கேட்ட, குடுத்தானுங்களா? உங்க கிராமம் ஹூலாவுல இருந்து உங்க அப்பா படகுல வந்திருக்காரு, வயசான மனுசன், கொடியேத்துறதப் பாக்கணும்னு ஆசைப்பட்டு. ஒரு நாள் விடுங்கய்யான்னு நீ கெஞ்சினத நான்தான் பாத்தேனே. மாத்து ஆளு வரல, நீயே பாத்துக்கோன்னுட்டானுங்க. போனையும் வாங்கி உள்ள பூட்டிக்கிறானுங்க, டூட்டியில பேசக் கூடாதுன்னு. கம்பிக்கு இந்தப் பக்கம் நான், அந்தக் காவல் கூண்டுக்குள்ள நீ. என்ன பெரிய வித்தியாசம்?

சாயங்காலம் எலா பீச்சுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கியா? ம்.

போதுமா? இன்னொரு வாய். சரி, வை.

இப்ப நான் சொல்றதக் கேளு. சாவி எனக்கு வெளிய போறதுக்கு இல்ல. நீ வெளிய போறதுக்கு. இந்தத் தொப்பியக் கழட்டிக் குடு, நான் போட்டுக்கிறேன். உன் நாற்காலியில நான் உக்காந்துக்கிறேன். இன்னைக்கு எவன் வந்து கேட்டைத் தட்டப் போறான்? வேலை போயிருமா? போனா நான் சொல்லிக்கிறேன், நான்தான் பிடுங்கினேன்னு. என்ன பண்ணுவானுங்க, என்னை ஊருக்கு அனுப்புவானுங்களா? அனுப்பட்டுமே.

அந்த ஹாரன் உனக்குத்தான் வாகி. முக்குல உன் தம்பி கிலா வண்டியோட நிக்கிறான். போன மாசம் என் போன்ல இருந்து அவன்கிட்டப் பேசினியே, அந்த நம்பர வச்சிருந்திருக்கான். எனக்குத்தான் கூப்பிட்டான்.

இல்ல, பீச்சுக்குக் கூப்பிடல.

கொடியேத்தினத உங்க அப்பா பாத்துட்டாராம்டா. முழுசாப் பாத்தாராம். பாத்து முடிச்சு, புல்லுல உக்காந்தபடியே சாஞ்சுட்டாரு. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. உங்க வீட்டு வாசல்ல நீலத் தார்ப்பாய் கட்டியாச்சாம், சனங்க வர ஆரம்பிச்சாச்சு. எல்லாரும் துக்கத்துக்கு மூஞ்சில சாம்பல் பூசிக்கிட்டு உக்காந்திருப்பாங்க, நீ எப்படி இந்தக் கலரோட போயி நிப்ப? அதுக்குத்தான் துணி.

வா இங்க. நானே துடைக்கிறேன். அழு, பரவாயில்ல, அதுலயே கரையும். அந்தக் கன்னத்தையும் காட்டு. நெத்தி... நெத்திய நீயே துடைச்சுக்கோ, என்னால முடியல. துணிய நீயே எடுத்துட்டுப் போ. அலசிறாத.

சாவி குடு. நீ போனதும் நானே உள்ள இருந்து பூட்டிக்கிறேன். பதினோரு வருஷத்துல இந்தப் பூட்ட நான் தொட்டதே இல்ல. எந்தப் பக்கம் திருப்பணும், அத மட்டும் சொல்லிட்டுப் போ.