விரல் மரத்த ஞாயிறு

சமையலில் உப்பு மட்டும்தான் இன்னும் என் கைக்கு அடங்கவில்லை, பாஸ்டர். மற்றபடி மார்லிஸுக்கு ஊட்டிவிடுவது, தலைவாருவது, புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் பழகிவிட்டது. பெண்டாட்டியை இப்படிப் பார்த்துக்கொள்கிறானே என்று நம் ஊரில் என்னை மெச்சாத ஆளில்லை.

அவள் ஃப்ளூ தடுப்பூசி போட்ட மறுவாரம், தேவாலயத்து ஞாயிறு விருந்தில், கையிலிருந்த உருளைக்கிழங்குப் பாத்திரம் நழுவியது. நான்தான் தாங்கிப் பிடித்தேன். "விரலெல்லாம் மரத்துப்போன மாதிரி இருக்கு. ஒண்ணுமில்ல, விடு" என்று சிரித்துக்கொண்டே பரிமாறப் போனாள். மின்னசோட்டாக்காரர்கள் வலியை வெளியே சொல்வோமா என்ன? டாக்டரிடம் போய் நோய்க்குப் பெயர் தெரிவதற்குள் ஒரு மாதம் ஓடி, கை கால் விழுந்துவிட்டன.

ஊசியால் முடங்கியவர்களுக்கு அரசாங்கம் நஷ்டஈடு தருகிறது. மூன்று வருடத்துக்குள் கேட்க வேண்டும். மார்லிஸ், டாக்டர் நோயின் பெயரைச் சொன்ன நாளிலிருந்து எண்ணினாள். எல்லோரும் அப்படித்தான் எண்ணுவார்கள். நான் தனியாக ஒரு வக்கீலைப் பார்த்தேன். முதல் அறிகுறியிலிருந்துதான் கணக்கு என்றார். வீட்டுக்கு வந்து சூப் வைத்தேன்.

நான் பொய் சொல்லவில்லை. "மனு போட்டாச்சா?" என்பாள். "இன்னும் நாள் இருக்குன்னு நீதானே சொன்ன?" என்பேன்.

"பணம் வந்தா டுலூத்துல அக்கா பக்கத்துல, ஆள் வெச்சுக்கிட்டு இருந்துக்குவேன். உனக்கும் விடுதலை" என்பாள். விடுதலையை யார் கேட்டது? அந்த விருந்துக்கு முந்தின நாளே என்னை விட்டுப் போகப் பெட்டி கட்டியிருந்தாள், பாஸ்டர். ஊருக்குத் தெரியாது. பெட்டி இன்னும் கட்டிலுக்கடியில் இருக்கிறது. தூசி படியாமல் துடைத்து வைக்கிறேன்.

நேற்று அவள் அக்கா டோரீன் வந்து, ஒரு வக்கீலுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் அவள் பக்கத்தில் வைத்தாள். அறிகுறி முதலில் எப்போது தெரிந்தது என்று வக்கீல் கேட்டார். மார்லிஸ் விருந்தைச் சொன்னாள். அவர் தேதியை எண்ணிப் பார்த்தார். பிறகு, "போன வாரமே கெடு முடிஞ்சுபோச்சும்மா. இனி ஒண்ணும் செய்ய முடியாது" என்றார்.

மார்லிஸ் என்னைப் பார்த்தாள். "பாத்திரத்தைப் பிடிச்சது நீதானே வெர்லின். உனக்குத் தெரியும்."

"தெரியும். கெடு அன்னியிலிருந்துதான்னு ஒரு வக்கீல் அப்பவே சொன்னார்" என்றேன்.

"அடப்பாவி, நீயெல்லாம் மனுஷனா?" என்று டோரீன் கத்திவிட்டுப் போனாள். மார்லிஸ் கத்தவில்லை. அழுதாள். கண்ணைத் துடைக்க அவளுக்குக் கை எழாது. நான்தான் துடைத்துவிட்டேன். முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தாள், முடியவில்லை.

வேறு எந்தப் புருஷன் இவ்வளவு செய்வான், சொல்லுங்கள்?