முகமூடி அணியவில்லை

— கைய ஆட்டாதீங்கன்னா ஆட்டாதீங்க. நகத்த வெட்டுறேனா விரல வெட்டுறேனான்னு எனக்கே தெரியல. நீ சொல்லுண்ணே. என்னமோ பேப்பர் வந்திருக்குன்னு செருப்பக் கூடக் கழட்டாம ஆரம்பிச்சியே.

— அதாவது... மெத்திலீன் குளோரைடு பத்தின பேப்பர் பாப்பா.

— அந்தப் பேர இந்த வீட்டுல எடுக்காதேன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்? காதுல விழுந்தா அன்னிக்குப் பூரா இவரு ஒரு மாதிரி ஆயிடறாரு.

— விழட்டும்... விழட்டும். என்ன மச்சான், மெத்திலீன்... சவுக்கியமா?

— பாரு சிரிப்ப! ஆறு வருஷமா ஒரு வாக்கியம் முழுசா வரல, நக்கலுக்கு மட்டும் குறைச்சல் இல்ல. அந்தக் கையக் குடுங்க.

— அது சவுக்கியமா இல்ல மாப்ள. கவர்மெண்டுல அத மறுபடியும் வகைப்படுத்தப் போறாங்க. எவ்வளவு ஆபத்து, எந்த வகை ஆபத்து, டிரம்முல என்ன படம் ஒட்டணும், யாரு கையில குடுக்கலாம், யாரு கையில குடுக்கக் கூடாது, எல்லாத்தையும் முதல்லேர்ந்து. அதுக்காக ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு படிவம் வந்திருக்கு. இதுவரைக்கும் நடந்த விபத்தையெல்லாம் எழுதணும். நம்ம பெயிண்ட் கம்பெனிக்கு சேப்டி ஆபீசர் நான். முறைப்படி நான்தான் எழுதணும்.

— எழுதேன். நம்ம கம்பெனியில அதால நடந்தது ஒரே விபத்து, அதுவும் நம்ம வீட்டு விபத்து. உன்ன விட யாரு நல்லா எழுதுவா? இந்தச் சனியனத் தலை முழுகுங்கன்னு கொட்டை எழுத்துல எழுது.

— அதுல ஒரு கேள்வி இருக்கு.

— என்ன கேள்வி?

— விபத்து நடந்தப்ப வேலையாளு முகமூடி போட்டிருந்தாரா, இல்லையா.

— ஆமா, பெரிய கேள்வி! 'அணியவில்லை'ன்னு எழுது. விசாரணை ரிப்போர்ட்டுல அப்படித்தானே இருக்கு? இந்த மகாராசா அன்னிக்கு முகமூடிய மாட்டிக்கிட்டுப் பெயிண்ட் தொட்டியக் கழுவ எறங்கியிருந்தா, இன்னிக்கு நான் எதுக்கு இவருக்கு நகம் வெட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்? ரெண்டு நிமிஷ வேலை. அந்த ரெண்டு நிமிஷத்துக்குச் சோம்பல் பட்டாரு, ஆறு வருஷமா அனுபவிக்கறோம்.

— சரி... சரி.

— என்ன சரி? எதச் சொன்னாலும் ஒரு சரி. அதுல ஒண்ணும் குறைச்சல் இல்ல.

— அவரத் திட்டாத பாப்பா.

— நான் திட்டாம வேற யாரு வந்து திட்டப் போறா? நீ குறுக்க வராத. நீ மட்டும் அன்னிக்கு மூச்சப் புடிச்சுக்கிட்டு அந்தத் தொட்டிக்குள்ள குதிக்கலேன்னா இந்த நாற்காலி காலியாக் கெடக்கும். நான் சொல்றேன் கேளு, இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் நீ எதுக்கு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கறேன்னு எனக்குப் புரியவே இல்ல.

— அந்தப் படிவத்த ஒன்பது நாளா பையில வெச்சுக்கிட்டு அலையறேன் பாப்பா. எல்லாத்தையும் எழுதிட்டேன். அந்த ஒரு கட்டம் மட்டும் காலியா இருந்துச்சு.

— அதான் ஏன்னு கேக்கறேன்.

— முதல்லேர்ந்து சொல்றேன். அதாவது, முன்னாடியெல்லாம் பெயிண்ட் கலக்கற தொட்டியக் கழுவத் தின்னர்தான் குடுப்போம். தீப்பிடிச்ச வருஷம் ஞாபகம் இருக்கா?

— மறக்குமா? லேபிள் ஒட்டற பொண்ணு. மூஞ்சியெல்லாம் வெந்து... இவருதான் சாக்கப் போட்டுப் போத்தித் தூக்கிக்கிட்டு ஓடினாரு. நாலு நாள் சோறு எறங்கல இவருக்கு.

— எனக்கும்தான். அதுக்கப்புறம் தின்னர் டிரம்மு இருக்கற பக்கமே நான் போக மாட்டேன். தீப்பிடிக்காத சரக்கு எதுடான்னு தேடித் தேடிக் கண்டுபிடிச்சதுதான் இந்த மெத்திலீன். டிரம்முல நெருப்புப் படம் கெடையாது. ஒரு ஆச்சரியக்குறி, அப்புறம் நெஞ்சு வெடிச்ச மாதிரி ஒரு ஆளோட படம். அவ்வளவுதான். நெருப்புப் படம் இல்லேங்கறது மட்டும்தான் என் கண்ணுக்குத் தெரிஞ்சுது.

— நல்லதுக்குத்தானே பண்ணினே.

— 'தூக்கக் கலக்கமோ தலைசுற்றலோ வரலாம்'னு அதுல போட்டிருந்துச்சு. தூக்கம்! சாப்பிட்டதும் கண்ணச் சொக்குமே, அது மாதிரின்னு நெனச்சுட்டேன் நான். அதோட ஆவி காத்த விடக் கனம். தொட்டிக்குள்ள கண்ணுக்குத் தெரியாத தண்ணி மாதிரி தேங்கி நிக்கும். அதுக்குள்ள ஒரு மனுஷன் குனிஞ்சு தேய்ச்சான்னா அந்தத் தூக்கத்துலேர்ந்து எழுந்திருக்க மாட்டான்.

— வாசன... இனிப்பா இருக்கும்.

— ஆமா மாப்ள. இனிப்பாத்தான் இருக்கும்.

— பேசாம இருங்க, சுண்டு விரல் பாக்கி இருக்கு. அண்ணே, இதெல்லாம் நீ விசாரணையிலயே சொன்னதுதானே? தொட்டிக்குள்ள ஆபத்து உண்டு, அதுக்குத்தான் முகமூடி குடுத்தோம், அவரு போட்டுக்கலேன்னு. புதுசா என்ன?

— போன மாசம் வேற ஒரு கம்பெனியில ரெண்டு பேரு செத்துட்டாங்க. அண்ணன் தம்பி. இதே மாதிரி தொட்டி, இதே மெத்திலீன். அண்ணன் விழுந்ததப் பாத்துட்டுத் தம்பி எறங்கியிருக்கான்.

— ஐயையோ. அவங்களும் இவர மாதிரியேவா? முகமூடி இல்லாம?

— போட்டிருந்தாங்க பாப்பா. ரெண்டு பேருமே போட்டிருந்தாங்க.

— போட்டுமா?

— நாம குடுத்த அதே முகமூடி. ரெண்டு பக்கமும் கரி டப்பா வெச்சது. தின்னருக்கு அது தாங்கும். மெத்திலீனுக்குத் தாங்காது. கரி அதப் புடிச்சு வெச்சுக்காது, கொஞ்ச நேரத்துல உள்ள விட்டுடும். வெளியிலேர்ந்து குழாய் போட்டு நல்ல காத்து அனுப்பணும், அது ஒண்ணுதான் வழி. அந்தக் கம்பெனி சேப்டி ஆபீசர் ஒரு அம்மா. எனக்குப் போன் பண்ணினாங்க. அழுதுக்கிட்டே கேக்கறாங்க. 'சார், உங்க ரிப்போர்ட்டத்தான் எடுத்துப் படிச்சோம். முகமூடி அணியாததால் விபத்துன்னு போட்டிருந்தீங்க. அப்ப முகமூடி போட்டா போதும்னுதானே சார் அர்த்தம்?'னு.

— அதுக்கு நீ என்ன பண்ணுவே? உனக்கு எப்படித் தெரியும்? நம்ம ஆளு போட்டுக்கிட்டு எறங்கியிருந்தாத்தானே அது தாங்குமா தாங்காதான்னு அன்னிக்கே வெளிச்சம் ஆயிருக்கும். இவரு பண்ணின சோம்பேறித்தனம் ரெண்டு உசுரக் கொண்டு போயிடுச்சு பாரு... என்னண்ணே? ஏன் அப்படிப் பாக்கற? தண்ணி குடிக்கறியா?

— பாப்பா. அவரு போட்டிருந்தாரு.

— யாரு?

— மாப்ள. முகமூடியப் போட்டுக்கிட்டுத்தான் எறங்கினாரு. பட்டையெல்லாம் இறுக்கி, முறைப்படி. நான் மேல இழுத்துப் போட்டப்பவும் மூஞ்சியில இருந்துச்சு. மூச்சு விடட்டும்னு நான்தான் கழட்டினேன். கழட்டினவன் பக்கத்துல வெச்சிருக்கலாம். வைக்கல. ஆளுங்க ஓடி வர்ற சத்தம் கேட்டுது. என் பைக்குள்ள போட்டுட்டேன்.

— விளையாடறியா?

— இல்ல.

— எதுக்கு? எதுக்குண்ணே?

— மெத்திலீனக் கொண்டு வந்தவன் நான். அந்த முகமூடிய வாங்கினவன் நான். 'இது போதும்'னு கையெழுத்துப் போட்டவன் நான். எதுக்குத் தாங்கும், எதுக்குத் தாங்காதுன்னு கூட வந்த காகிதத்துல பொடி எழுத்துல போட்டிருந்துச்சு. நான் படிக்கல. விபத்துக்கு ஒரு வாரம் முன்னாடி இவரே எங்கிட்ட வந்து கேட்டாரு. 'மச்சான், முகமூடி போட்டாலும் உள்ள இனிப்பு வாசன வருதே'ன்னு. 'பட்டைய இறுக்கிக் கட்டுங்க மாப்ள'ன்னேன். அந்த வாசன வந்தாலே ஆவி உள்ள வருதுன்னு அர்த்தம். என் வேலையே அதத் தெரிஞ்சு வெச்சுக்கறதுதான்.

— கடவுளே.

— அது அவரு மூஞ்சியில இருந்தா பழி எனக்கு. இல்லேன்னா பழி அவருக்கு. அந்த நிமிஷத்துல எனக்குத் தோணினது அவ்வளவுதான். ஆளு பொழைக்க மாட்டாருன்னு வேற நெனச்சேன். செத்துப் போனவருக்குக் கெட்ட பேரு வந்தா என்ன, நாம இருந்து உன்னையும் புள்ளையையும் பாத்துக்கலாம்னு...

— நிறுத்து.

— அவரு பொழைச்சுட்டாரு. அதுக்குள்ள ரிப்போர்ட்டு போயிடுச்சு.

— நிறுத்துன்னு சொன்னேன்! ஆறு வருஷம். பொழுது விடிஞ்சு பொழுது போனா இந்த வீட்டுல நான் என்ன பண்ணினேன்னு தெரியுமா உனக்கு? கையிலேர்ந்து டம்ளர் விழுந்தா 'முகமூடி'ன்னுவேன். பட்டன் போட வரலேன்னா 'முகமூடி'. ஒரு நாள் பாத்ரூம்ல வழுக்கி விழுந்து கெடக்கறாரு, தலையில ரத்தம். தூக்கறதுக்கு முன்னாடி நான் சொன்ன வார்த்த என்ன தெரியுமா? 'இது நீங்களாத் தேடிக்கிட்டது.' கீழ கெடக்கற மனுஷனப் பாத்து! பொண்ணு பள்ளிக்கூடத்துல கட்டுரை எழுதினா. 'என் தந்தை தம் கவனக்குறைவால் உடல்நலம் இழந்தார்'னு. நான்தான் உக்காந்து எழுத்துப் பிழை திருத்திக் குடுத்தேன்.

— பாப்பா...

— ஞாயித்துக்கிழமை தவறாம வந்தே. இவருக்கு ஷேவ் பண்ணி விட்டே, தலைக்குத் தண்ணி ஊத்தி விட்டே. எங்கண்ணன மாதிரி உண்டான்னு அக்கம்பக்கத்துல தம்பட்டம் அடிச்சேனே. அந்தக் கையாலயா அத எடுத்து ஒளிச்சே?

— திட்டு. இன்னும் திட்டு பாப்பா.

— உன்னத் திட்ட எங்கிட்ட வார்த்த ஏது? இருந்ததையெல்லாம் இவருக்குக் குடுத்துத் தீத்துட்டேனே.

— நாளைக்குப் படிவத்தத் தபால்ல போடறேன். அந்தக் கட்டத்துல 'அணிந்திருந்தார்'னு எழுதிட்டேன். கீழ, பழைய ரிப்போர்ட்டுல பொய் சொன்னது நான்தான்னும் எழுதிட்டேன். வேலை போகும். கேஸ் போடுவாங்க. போடட்டும். அதப் படிச்சாவது இந்த முகமூடிய நம்பி இன்னொருத்தன் எறங்காம இருப்பான். ஆனா வேற யாரு சொல்லியும் நீ தெரிஞ்சுக்கக் கூடாது, என் வாயாலயே சொல்லணும்னுதான் வந்தேன்.

— அந்த ரெண்டு பேரு செத்ததும்தான் உனக்கு வாய் வந்துது. அவங்க சாகலேன்னா? சொல்லு. சாகலேன்னா வந்திருப்பியா?

— வந்திருக்க மாட்டேன் பாப்பா. இனிமே பொய் வேணாம். வந்திருக்க மாட்டேன்.

— எந்திரி.

— இன்னும் ஒரே ஒரு வார்த்த...

— எந்திரின்னா எந்திரி! பொண்ணு வர்ற நேரம். அவ வந்து 'மாமா'ன்னு உன் தோள்ல தொங்கறத என்னால பாத்துக்கிட்டு நிக்க முடியாது. அவ கட்டுரையில இருக்கறதத் திருத்த எனக்கு எத்தன நாள் ஆகுமோ. வெளிய போ. இனிமே இந்த வாசப்படி மிதிக்காத.

— போறேன். மாப்ள, உங்க கால்ல விழற யோக்கியத கூட எனக்கு இல்ல. போயிட்டு... போறேன்.

— உக்காரு... மச்சான்.

— நீங்க சும்மா இருங்க. என்ன நடக்குதுன்னே உங்களுக்குப் புரியல. இந்த ஆளு உங்களுக்கு என்ன பண்ணியிருக்காரு தெரியுமா?

— புரியுது.

— என்ன புரியுது?

— காக்கிப் பை. ஜிப்பு... பாதியில மாட்டிக்கிச்சு. ரெண்டு தடவ... இழுத்தாரு.

— மாப்ள!

— கண்ணு தெறந்துதான்... இருந்துச்சு மச்சான். கை காலுதான்... வரல. நீங்க அழுதீங்க. மூக்கு ஒழுகுச்சு. அதையும்... பாத்தேன்.

— என்னங்க சொல்றீங்க? உங்களுக்குத் தெரியுமா? அன்னிலேர்ந்தேவா?

— அன்னிலேர்ந்தே.

— நான் பைத்தியக்காரி மாதிரி கத்தும்போதெல்லாம் தெரிஞ்சுக்கிட்டேவா உக்காந்திருந்தீங்க? 'நான் போட்டிருந்தேன்டி'ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா என் வாய் அன்னிக்கே அடங்கியிருக்குமே. பெத்த பொண்ணு அப்படி எழுதறா, அப்பவாவது சொல்லியிருக்கக் கூடாதா? ஏன் சொல்லல? என்னப் பாருங்க. ஏன் சொல்லல?

— நீ என்னத் திட்டுவ. திட்டிட்டு... பால்கனியில போய் நின்னுக்கிட்டு, உங்கண்ணனுக்குத்தான் போன் பண்ணி அழுவ. அவரையும் உங்கிட்டேர்ந்து எடுத்துட்டா... யாருக்கு... பண்ணுவ?