டெம்போவில் குணமான குழந்தை

பெரியவர்களுக்கான அளவை வைத்துக் கைக்குழந்தைகளை அளந்தேன். என் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இரும்புச்சத்துக்கு எல்லா வயதுக்கும் ஒரே கீழ் எல்லையைத்தான் அச்சடித்திருந்தேன். கைக்குழந்தைகளுக்கு அது இயல்பாகவே குறைவாக இருக்கும் என்று பிறகு படித்தேன். படித்தும் மாற்றவில்லை, சோம்பல்தான்.

ஒருநாள் ரெட்டியார்பாளையம் போகும் ஷேர் டெம்போவில் எதிரே குழந்தையுடன், என் கூடத்தின் ரிப்போர்ட் உறையைக் கையில் வைத்திருந்த ஒரு பெண்ணும் அவள் அண்ணியும் உட்கார்ந்திருந்தார்கள்.

"காலையில வர்றப்ப இவனுக்கு இரும்புச்சத்து கம்மி, அண்ணி. திரும்பிப் போறப்ப சரியாயிட்டான்!"

"அதுக்குள்ள எப்படிடி ஏறிச்சி?"

"எங்க ஏறிச்சி? டாக்டரம்மா அதே ரிப்போர்ட்டதான் பாத்தாங்க. லேப்ல பெரியவங்க கணக்குல போட்டுட்டாங்களாம். கொழந்தைங்க கணக்குல இவன் நல்லாத்தான் இருக்கானாம்."

"உன் மாமியாரு என்ன சொல்லுவாங்க?"

"என் பால்ல சத்தில்ல, நாளையிலேர்ந்து பவுடர் பாலுதான்னாங்க. இப்ப போயி பேசட்டும் பாக்கலாம்!"

"அந்த லேப்காரன என்ன பண்ணலாம்?"

"மாமியாரு வாங்கியாந்த இரும்பு சிரப்ப அவன் வாயிலயே ஊத்தணும். ஒரு வாரமா இவனுக்குக் கறுப்பா போவுது."

குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாளே குழந்தைகளுக்குத் தனி எல்லையை அச்சடித்தேன். பழைய ரிப்போர்ட்டுகளை இலவசமாகத் திருத்தித் தருவதாக வாசலில் எழுதியும் வைத்தேன். முதலில் வந்த தாய், திருத்திய தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மருந்தே குடுக்கல, எப்படி சார் சரியாவும்? உங்க மிஷினு கெட்டுப்போச்சா?"

மிஷின் சரி, தவறு என்னுடையது என்றேன். அவள் நம்பவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெரு லேபுக்குப் போய்விட்டாள். அங்கே இன்னும் பெரியவர்கள் கணக்குதான்.